ஏரியைச் சுற்றிக் குருணை

மதகுக்குப் பக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது எழில்மொழியின் கண் ஏரித் தண்ணீரைத் துழாவியது. மன்னார்குடியிலிருந்து வரும் வழியெல்லாம் ஒரே பயம்தான், அது போயிருக்குமோ என்று. வரித்தலை வாத்து. இமயமலைக்கு அந்தப் பக்கமிருந்து வருவது. அவளும் கணவர் மனோகரனும் திருநெல்வேலி வரை தேடிப் போயும் டிமிக்கி கொடுத்த பறவை, இந்த வருஷம் என்ன நினைத்ததோ, தன்னந்தனியாக இந்த ஊர் ஏரியில் வந்து இறங்கியிருந்தது. பார்க்கத்தான் மனோகரன் இல்லை. போன மார்கழியில் மாரடைப்பு. அவருக்கும் சேர்த்து ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

தகவல் சொன்னவர் தங்கையன். ஏரிக்குக் கீழே அவருக்கு வயல். ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம் என்றிருந்த அவர் மகள் பூமிகாவை, வீட்டுக்கே வந்து சண்டை போட்டு நர்ஸிங் சேர்த்துவிட்டவள் எழில்மொழி டீச்சர். அன்றிலிருந்து டீச்சர் வாயிலிருந்து என்ன வந்தாலும் தங்கையனுக்கு அது உத்தரவு. நேற்று போனில் அவர் சொன்னபோது பரீட்சை டூட்டி, உடனே கிளம்ப முடியவில்லை.

"அண்ணே, நாளைக்கு நான் வர்ற வரைக்கும் அது எங்கயும் போயிடக் கூடாது. கரையில கொஞ்சம் குருணை போட்டு வைங்க."

"டீச்சர், நீங்களா..." என்று இழுத்தார் தங்கையன். பிறகு, "சரிங்க டீச்சர். நீங்க கேட்டு இல்லேன்னா சொல்லப் போறேன்" என்றார்.

இப்போது கரைமேல் நின்றிருந்தார். கையில் உரச்சாக்கு.

"விடியவும் விழுந்துடுச்சு டீச்சர். ரெக்கையப் பிடுங்கல. உங்களுக்கு எப்படி வேணுமோன்னு அப்படியே வச்சிருக்கேன்."

அடுப்படியில் குருணை என்றால் நொய்யரிசி. கோழிக்கும் வாத்துக்கும் போடுவது. வயலில் குருணை என்றால் பூச்சிக்கு இறைக்கிற மருந்து. கறிக்குப் பறவை பிடிக்கிறவர்கள் நெல்லில் கலந்து கரையில் போடுவது அந்த மருந்தைத்தான். பாழாய்ப்போன சொல் ஒன்றுதான். டீச்சர் அடுப்படியில் நின்று சொன்னாள், தங்கையன் வயலில் நின்று கேட்டார்.

சாக்கிலிருந்து கழுத்து துவண்டு விழுந்தது. வெள்ளைத் தலை, பின்பக்கம் இரண்டு கோடு. கோடு கறுப்பா, கரும்பழுப்பா என்று மனோகரனும் அவளும் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சண்டை போட்டிருக்கிறார்கள். கறுப்புதான்.

"இதானே டீச்சர் நீங்க கேட்டது?"

"ஆமாண்ணே." அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. துவண்ட கழுத்தைச் சாக்குக்குள் எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள். "எங்கெங்கண்ணே போட்டீங்க?"

"நெல்லுல கலந்து ஏரியச் சுத்திவரப் போட்டிருக்கேன். எந்தப் பக்கம் கரையேறுமோ யாரு கண்டா? தப்பிடுச்சுன்னா உங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கிளுவை வாத்துக் கூட்டம் ஒன்று விசிலடித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கி, கரையைப் பார்த்து நீந்த ஆரம்பித்தது. எழில்மொழி ஓடினாள். பறவை கலைந்துவிடக் கூடாதென்று இத்தனை வருஷம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், கையைத் தட்டி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு சேற்றில் ஓடினாள்.

"போ! சூ! போயிடு!"

தங்கையன் ஒன்றும் புரியாமல் சாக்கோடு பின்னால் ஓடிவந்தார். கிளுவைகள் ஒட்டுமொத்தமாக எழும்பின. ஏரியைக் கடந்து, அவள் குரல் எட்டாத எதிர்க்கரையில் போய் இறங்கி, தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தன.