மூச்சு காட்டிய திசை

சுகுணா கண் விழித்தபோது எதிரே இருந்த கட்டில் காலியாகக் கிடந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து, புருஷனுக்கு மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு, கீழே பாயை விரித்து அவரைப் பார்த்தபடி இடப்பக்கம் ஒருக்களித்துத்தான் படுத்திருந்தாள். தனபாலுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளுக்கு அதுதான் படுக்கை. கட்டில் சுவரோரம் இருந்ததால், இடப்பக்கம் திரும்பினால்தான் அவர் முகம் தெரியும். கால் ஓரளவு தேறி இழுத்து இழுத்து நடக்கிறார். தலைதான் தேறவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே மலைக்கு லாரி ஓட்டிய மனுஷன், சில நாள் எழுந்ததும் சாவி எங்கே என்று கேட்பார். லாரியை விற்றாகிவிட்டது என்று சொன்னால் யாரிடம் கேட்டு விற்றாய் என்று சண்டைக்கு வருவார். அரை மணி நேரத்தில் அதுவும் மறந்துவிடும்.

விழித்த அந்த நொடியில், எழுந்து உட்காருவதற்கும் முன்னால், அவளுக்குள் ஒன்று வந்தது. ரோடு. அவ்வளவுதான். கீழே இறங்கும் மலை ரோடு கண்ணுக்குள் வந்து நின்றது. படபடப்பு எதுவும் அதோடு வரவில்லை. வீட்டுக்குள் யாரோ வந்து ஒரு சாமானை வைத்துவிட்டுச் சத்தம் காட்டாமல் போன மாதிரி இருந்தது. அப்புறம்தான் பயம் வந்தது. பயம் வந்ததும் ரோடு போய்விட்டது.

வாசலில் அவர் இல்லை. மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். பின்வாசலுக்கு ஓடி, குளியலறைக் கதவைத் தள்ளினாள். தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஏதோ ஒன்று வழக்கம்போல் இல்லை என்று பட்டது. என்ன என்று நின்று பார்க்க அவளுக்கு நேரமில்லை. பக்கத்து வீட்டுப் பொன்னாத்தாளும் இன்னும் நாலைந்து பேரும் சத்தம் கேட்டு வந்துவிட்டார்கள். சோளக்காடு சந்தையில் பழக்கடை வைத்திருக்கும் கொழுந்தன் ராசப்பனுக்குப் போன் போனது. அவன் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு பைக்கில் வந்து சேர்ந்தான். வீடு சந்தைக்குக் கீழே இருந்ததால் அண்ணன் தன் கண்ணில் படாமலே எந்தப் பக்கமும் போயிருக்கலாம் என்றான். முதலில் ரோட்டைப் பார்த்துவிடட்டுமா என்றும் கேட்டான்.

எல்லாரும் சுகுணாவைப் பார்த்தார்கள்.

பார்த்ததற்குக் காரணம் இருந்தது. தூக்கம் வராமல் அவதிப்பட்ட காலத்தில் அவள் சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த மூச்சுப் பயிற்சி வகுப்புக்குப் போனாள். அன்றிலிருந்து விடிவதற்கு முன்னால் எழுந்து உட்காருகிறாள். மூச்சை மெதுவாக இழுத்து, நிறுத்தி, விடுவது. அப்புறம் கண்ணை மூடி ஒன்றும் செய்யாமல் இருப்பது. மழை, காய்ச்சல், கல்யாணம், காரியம் எதற்காகவும் விட்டதில்லை. முதலில் தூக்கம் வந்தது. பிறகு கோபம் குறைந்தது. அதற்கும் பிறகு, கேட்காமலே சில விஷயங்கள் தெரிய ஆரம்பித்தன. ராசப்பன் ஒரு மாடு பிடிக்கப் போனபோது, அடுப்பில் களி கிண்டிக்கொண்டே வேண்டாம் தம்பி என்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. அந்த மாடு வேறு ஒருத்தர் வீட்டுக்குப் போய் ஒரு மாதத்தில் படுத்துவிட்டது.

அதன் பிறகு ஊர் அவளை விடவில்லை. பெண் பார்க்கப் போகலாமா, கிணறு வெட்டலாமா என்று வந்து நின்றார்கள். தொல்லை என்னவென்றால், யாராவது எதிரில் நின்று கேட்டால் அவளுக்கு ஒன்றும் வராது. கேட்காதபோது வருவது, கேட்டால் வாயை மூடிக்கொள்ளும். வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பச் சங்கடமாக இருந்தது. செல்போனில் பார்த்து சரம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். மூக்கில் எந்தத் துளையில் மூச்சு ஓடுகிறது என்று பார்ப்பது. வலது ஓடினால் கிழக்கும் வடக்கும். இடது ஓடினால் மேற்கும் தெற்கும். காரியம் ஆகுமா ஆகாதா என்பதற்கும் அதிலேயே கணக்கு உண்டு. இதில் ஒரு வசதி, எப்போது கேட்டாலும் பதில் இருக்கும். மூக்கு இல்லாமல் போய்விடாது.

"உன்ற மூக்கு சொன்னா பஞ்சாயத்து ஆபீசு சொன்னாப்புல" என்பாள் பொன்னாத்தாள்.

அன்றைக்கும் சுகுணா மூக்கின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். வலது பக்கம் நன்றாக ஓடியது. இடது அடைத்திருந்தது.

"வடக்கு" என்றாள். "கோயிலுக்குப் போற காட்டு வழி."

ராசப்பன் ஒருமுறை ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு அண்ணி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஆட்களைத் திரட்டப் போனான்.

காட்டு வழி நல்ல வழி இல்லை. பலா மரங்கள் முடிந்ததும் பாதை ஒற்றையடியாகிவிடும். ஒரு பக்கம் சரிவு, கீழே ஓடை. இழுத்து நடக்கிற கால் ஒரு கல்லில் தடுக்கினால் போதும். ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். இளவட்டங்கள் ஓடை வரைக்கும் இறங்கிப் பார்த்தார்கள். மரவள்ளிக் காட்டுக்குள் ஆளுக்கொரு வரிசையாகப் புகுந்து தேடினார்கள். கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சுகுணாவின் குரல் கம்மிவிட்டது. பனி இறங்க ஆரம்பித்தது. மலையில் பனி இறங்கினால் எதிரில் நிற்பவர் முகம்கூடத் தெரியாது. இருட்டுவதற்குள் அவர் கிடைக்க வேண்டும். சாயங்கால மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பொன்னாத்தாள் நடக்க முடியாமல் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். சுகுணாவும் உட்கார்ந்தாள். பழக்கதோஷத்தில் விரல் மூக்குக்குப் போனது.

இடது பக்கம் ஓடியது.

மறுபடியும் பார்த்தாள். இடதுதான். அப்படியானால் தெற்கா? மேற்கா? இவ்வளவு நேரம் வடக்கே நடந்துவிட்டு இப்போது இது என்ன பதில்?

பொன்னாத்தாள் முந்தானையில் மூக்கைச் சிந்திக்கொண்டு, தனக்கும் மூக்கு இருக்கிறது பார், சளி பிடித்தால் அடைத்துக்கொள்ள மட்டும்தான் லாயக்கு என்று அலுத்துக்கொண்டாள்.

"இந்தப் பக்கம் படுத்தா அந்தப் பக்கம் தொறந்துக்குது. திரும்பிப் படுத்தா இது தொறந்துக்குது. ரவ்வும் பகலும் பெரண்டுக்கிட்டே கெடக்கறேன். உன்ற மூக்காட்டம் எனக்கு வாச்சிருந்தா ஊருக்கே வழி சொல்லியிருப்பேன் கண்ணு."

சுகுணாவுக்குப் பாய் ஞாபகம் வந்தது. சுவரோரக் கட்டில், அவர் முகம், இடப்பக்கம் ஒருக்களித்த தன் உடம்பு. இடப்பக்கம் படுத்தால் வலது திறக்கும். ஊர் ஜனம் வேலை முடித்து மத்தியானத்துக்கு மேல்தான் அவளைத் தேடி வரும். அவள் பாயிலிருந்து எழுந்து வந்து விரலை வைப்பாள். வலது ஓடும். நேற்றும் வலது. போன வாரமும் வலது. எத்தனை பேரை அவள் கிழக்கும் வடக்கும் அனுப்பியிருக்கிறாள். புருஷனைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று படுத்த படுக்கைதான் இத்தனை நாளும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. சிரிப்புதான் வந்தது.

கண்ணை மூடினாள். பயிற்சி என்று எதுவும் செய்யவில்லை. இளைப்பு தானாக அடங்கும்வரை சும்மா இருந்தாள். அடியில் அது அப்படியே இருந்தது. விழித்ததும் வந்த ரோடு. யாரும் எடுக்காமல், வைத்த இடத்திலேயே. அது ஒன்றும் கட்டாயப்படுத்தவில்லை. மூக்கின் பதில் வந்தபோது அதோடு அவசரம் இருந்தது, எல்லார் முன்னாலும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்ற பதற்றம் இருந்தது. இதில் அது இல்லை. இத்தனை வருசம் விடியலில் உட்கார்ந்து பழகியது இதற்குத்தானே என்று தோன்றியது. வந்ததைக் கையில் வாங்காமல் விட்டுவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

எழுந்து ராசப்பனிடம் போனாள். தன் பேச்சைக் கேட்டு முள்ளிலும் கல்லிலும் நடந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்ல வேண்டியிருந்தது.

"தம்பி, நான் சொன்னது தப்பு. அவர் இங்க இல்ல. ரோட்டுக்குப் போலாம்."

கூட்டத்தில் ஒருத்தன், இதை அப்பவே சொல்லியிருந்தால் காலாவது மிஞ்சியிருக்கும் என்று முணுமுணுத்தான்.

"இப்ப மூக்கு ரோடுங்குதா அண்ணி?" என்றான் ராசப்பன். கேலியாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டான்.

"மூக்கக் கேக்கல."

"அப்பறம்?"

"முழிச்சப்பவே தெரிஞ்சுது. நாந்தேன் உட்டுட்டேன்."

ஒருவேளை இதுவும் தப்பாகிவிட்டால் என்று, ராசப்பன் தேடுகிறவர்களைக் காட்டிலேயே தொடரச் சொன்னான். அவனும் சுகுணாவும் மட்டும் திரும்பினார்கள்.

டார்ச் எடுக்க வீட்டுக்குள் போனவள் பின்வாசலுக்கும் போனாள். குழாய்ப் பக்கம் சுவரோரம் வெள்ளை கேன் ஒன்று எப்போதும் இருக்கும். லாரியில் அவர் கூடவே வைத்திருந்த கேன். லாரியை விற்ற அன்றைக்கு அதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று இறக்கிக்கொண்டார். அது இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. மத்தியானமே அவள் கண் இதைப் பார்த்துவிட்டது. கண் சொன்னதையும் அவள் வாங்கவில்லை.

பைக் கீழே இறங்கியது. பனியில் ராசப்பன் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினான். முதல் கொண்டை ஊசி வளைவில் யாரும் இல்லை. குரங்குகள் மட்டும் தடுப்புச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இரண்டாவதிலும் இல்லை. அதற்குக் கீழே, மஞ்சள் பூசிய சாமிக்கல் இருக்கிற வளைவில், வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கேன்.

அந்த வளைவு லாரிக்காரர்களுக்குத் தெரிந்த இடம். அடிவாரத்திலிருந்து சுமையோடு ஏறி வந்தால் அந்த இடத்தில்தான் பழைய வண்டிகளுக்கு இன்ஜின் கொதிக்கும். நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, கல்லுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு மேலே ஏறுவார்கள். முன்னால் போனவன் மிச்சத் தண்ணீரைப் பின்னால் வருகிறவனுக்காக அங்கேயே வைத்துவிட்டுப் போவான். தண்ணீர் வைக்காமல் போனவனை மலை ஏறினதும் பிடித்துத் திட்டுவார்கள்.

தனபால் சாமிக்கல்லுக்குப் பக்கத்தில், காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. சட்டை பனியில் நனைந்திருந்தது. ராசப்பன் பைக்கை நிறுத்திவிட்டு, அண்ணனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சுகுணா எதிரில் உட்கார்ந்து, தன் முந்தானையை எடுத்து அவர் தலையைத் துடைத்தாள்.

"ஏனுங்க, இங்க என்ன பண்றீங்க?"

"வண்டி வரும்ல" என்றார். "சூடேறித்தான் வருவான். தண்ணி வேணும்."

"ஊட்டுக்குப் போலாங்க. மாத்திர போடோணும்."

"வண்டி வரட்டும். வெச்சுட்டு எப்படி வாரது?"

தூக்கி பைக்கில் உட்கார வைக்க முடியாது. வலுக்கட்டாயமாகத் தூக்கினால் கத்துவார். ராசப்பன் அண்ணியைப் பார்த்தான். அவள் மாத்திரையைக் கொண்டுவந்திருந்தாள். கேன் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். முழுங்கிவிட்டு, மூடியை இறுகத் திருகி வைத்தார். மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கீழே எங்கோ ஒரு வண்டி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. வளைவு வளைவாக அந்தச் சத்தம் மேலே ஏறி வந்தது.

வந்தது சிமென்ட் ஏற்றிய புது லாரி. ராசப்பன் டார்ச்சை ஆட்டி நிறுத்தி, டிரைவரிடம் போய் ஏதோ சொன்னான். டிரைவர் சின்ன வயசுக்காரன், கார்த்தி என்று பெயராம். வண்டியில் இருந்தபடியே தனபாலைப் பார்த்தான். அந்த வண்டிக்குத் தண்ணீர் தேவையே இல்லை. இறங்கி வந்தான்.

"ஏறி வாரதுக்குள்ள கொதிச்சுப்போச்சுங்க" என்றான்.

"மூடியச் சட்டுனு தொறக்காத. மூஞ்சி வெந்துரும்" என்றார் தனபால்.

கார்த்தி கேனை வாங்கிக்கொண்டு போய், வண்டியின் முன்பக்கம் குனிந்து நின்று, பாதித் தண்ணீரை ரோட்டோரம் ஊற்றினான். மிச்சத்தோடு கேனைக் கொண்டுவந்து கல்லுக்குப் பக்கத்தில் வைத்தான். தனபால் தலையை ஆட்டினார். அதன் பிறகு அவரை லாரிக்குள் ஏற்றச் சிரமம் இருக்கவில்லை. அடுத்த நாள் ராசப்பன் போய்க் கேனை எடுத்துவந்தான்.

ஊரில் அதற்குள் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. காட்டில் பாறைமேல் உட்கார்ந்து கண்ணை மூடினாளாம், புருஷன் இருக்கிற வளைவு அப்படியே தெரிந்ததாம். பொன்னாத்தாள்தான் பக்கத்தில் இருந்து பார்த்தவள், அதனால் அவள் சொல்வதற்கு மதிப்பு அதிகம். சுகுணா அவளைக் கூப்பிட்டு, தான் தப்பாகச் சொன்னதையும், படுக்கை விஷயத்தையும், மூக்கில் ஒன்றுமில்லை என்பதையும் விளக்கினாள். பொன்னாத்தாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அடக்கம் இருக்கிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்றாள். கையோடு, மருமகளை எந்த ஆஸ்பத்திரிக்குப் பிரசவத்துக்குக் கூட்டிப்போவது என்று பார்த்துச் சொல்லும்படியும் கேட்டாள்.

"எனக்குத் தெரியல அக்கா" என்றாள் சுகுணா. "நர்சம்மாவக் கேளு."

இப்போது மத்தியானத்தில் யார் வந்து கேட்டாலும் அதுதான் பதில். வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். விடியலில் உட்காருவதை அவள் விடவில்லை. தானாக வருவது வந்தால், முதலில் வந்தது எதுவோ அதை அங்கேயே பிடித்துக்கொள்ளப் பார்க்கிறாள். சில நாள் முடிகிறது. படுப்பது இன்னமும் இடப்பக்கம்தான், அவர் முகம் அந்தப் பக்கம் இருக்கிறதே. கேனைப் பின்வாசலிலிருந்து எடுத்து, தண்ணீர் நிரப்பி, பாயில் படுத்தபடியே தெரிகிற மாதிரி நிலைப்படி ஓரத்தில் வைத்துவிட்டாள். விழித்ததும் கண் முதலில் கட்டிலுக்குப் போகும், அடுத்தது கேனுக்கு.