பழைய இரும்புக்கடைக்காரரின் குரல்

நூலகத்தை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டலாமா என்று முடிவெடுக்க நகராட்சியில் பொதுக்கூட்டம். நூலகரான என் சித்தி பேச எழுந்ததும் மைக் உயிரை விட்டது. சித்தியின் குரல் முன்வரிசையைத் தாண்டாது.

“நீங்க சொல்லுங்கம்மா, நான் கத்துறேன்” என்று எழுந்தார் பழைய இரும்புக்கடைக்காரர். வண்டி நிறுத்துமிடம் வேண்டும் என்று முதலில் கேட்டவரே அவர்தான்.

“போச்சு, கவுத்துடுவாரு” என்று சித்தப்பா முணுமுணுத்தார்.

சித்தி சொன்னதையெல்லாம் ஒரு சொல் குறையாமல் அவர் முழங்கினார். “இரும்புக்கடைக்காரருக்குப் புத்தகம்னா எடைக்குப் போடுற பேப்பர்!” என்பதையும்தான். கூட்டம் சிரித்தது, அவரும் சிரித்தார்.

“இது அவங்க பேச்சு. நான் இன்னும் எதிர்ப்புதான்” என்று சொல்லி உட்கார்ந்தார்.

வாக்கெடுப்பில் நூலகம் தப்பியது. அவர் நூலகத்துக்காகக் கை தூக்கவில்லை. ஆனாலும் அவரைப் பார்த்தபோதுதான் இந்த ஊர் உருப்படும் என்று எனக்குத் தோன்றியது.