மூன்று கிலோமீட்டர் வசவு

கோவிந்தசாமியை நான் மூன்றாவது முறையாகக் "களிமண்ணு மண்டையா" என்று கூப்பிட்டபோதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பத்தடி முன்னால், சாலையின் நட்டநடுவில், மாப்பிள்ளை ஊர்வலம் போகிறவனைப் போல மிதித்துக்கொண்டிருந்தான். இடது கைப்பக்கம் கல்வராயன் மலை, வலது கைப்பக்கம் மரவள்ளிக் கொல்லை. கச்சிராயபாளையம் தாண்டி அந்தக் கிளைச்சாலையில் இறங்கியதிலிருந்து எங்களைக் கடந்துபோன போக்குவரத்து மொத்தம் ஒரு மயில். அதுவும் நடந்துதான் போனது. நான் பெல்லை அடித்தேன். என் பெல் லேசுப்பட்டதல்ல. விருத்தாசலத்தில் அடித்தால் சேத்தியாத்தோப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறவன் ஒதுங்குவான். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். மலையே ஓரடி பின்வாங்கியது போலத்தான் எனக்குப் பட்டது. கோவிந்தசாமி அசையவில்லை.

சந்தேகம் தீர வேண்டுமே. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"யோவ் கோவிந்தசாமி, ஒனக்குப் போட்ட சோத்துல ஒங்கப்பன் ஒரு எருமைய வளத்திருக்கலாம்யா. வயசான காலத்துல சாணியாவது மிஞ்சியிருக்கும்."

முதுகு அப்படியே இருந்தது. எனக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை குளிர்ந்தது. இருபத்தாறு வருஷமாக ஊறப்போட்டு வைத்திருந்த வசவு அத்தனையையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அவன் மூக்கைப் பற்றி அரை கிலோமீட்டர், நடையைப் பற்றி ஒரு கிலோமீட்டர், குணத்தைப் பற்றி மிச்ச தூரம். வரப்போரம் நின்ற ஒரு பெண் கேட்டாள்.

"யாரத் தாத்தா இந்தத் திட்டு திட்டுற?"

"முன்னாடி போறாரு பாரு, அவரத்தாம்மா."

"அவரு ஒண்ணும் சொல்லலியே."

"தங்கமான மனுசன்மா" என்றேன்.

நாங்கள் இருவரும் விருத்தாசலத்தில் ஒரே பீங்கான் கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டியவர்கள். நான் சூளைக்காரன். நெருப்பின் நிறத்தைப் பார்த்தே உள்ளே என்ன சூடு என்று சொல்வேன். ஒருமுறை நான் சொன்ன சூட்டுக்கும் மீட்டர் காட்டிய சூட்டுக்கும் வித்தியாசம் வந்தபோது மீட்டரைத்தான் மாற்றினார்கள். கோவிந்தசாமி தட்டிப் பார்க்கிற ஆள். சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு ஜாடியையும் வலது காதோரம் தூக்கி விரல் கணுவால் தட்டுவான். இடது பக்கம் களிமண் அரைக்கும் மெஷின் நாள்முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். ஜாடி கணீரென்று இழுத்தால் நல்லது. சொத்தென்று நின்றால் உள்ளே கீறல். கீறல் விழுந்தது என்றால், சூடு அடங்குமுன் அவசரப்பட்டுச் சூளைக் கதவைத் திறந்துவிட்டான் சூளைக்காரன் என்று அர்த்தம்.

இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒருநாள் என் சூளை ஜாடிகளை மொத்தமாகத் தள்ளினான். இரண்டாயிரம் ஜாடி. சரி, அறுநூறு. ஆனால் உடைக்கும்போது இரண்டாயிரமாகத்தான் கேட்டது. அன்று சாயந்திரமே அவ்வளவும் ஓடாகிவிட்டன. என்னைச் சூளையிலிருந்து எடுத்துக் களிமண் மிதிக்கிற கொட்டகைக்கு அனுப்பினார்கள். பதினொரு மாதம். அதைவிட, பெயர் விழுந்தது: கீறல் தனக்கோடி. என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாற வந்தவன்கூட, "கீறல் வூட்டுக் கல்யாணம் இதானுங்களா" என்று என்னிடமே கேட்டுவிட்டுத்தான் இலை போட்டான்.

இவனோடு எதற்கு சைக்கிள் என்று என் வீட்டில் கேட்பார்கள். விருத்தாசலத்தில் அறுபத்து மூன்று வயதில் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஊர் சுற்ற வேறு எவன் வருவான்? தவிர, விரோதியைப் பக்கத்திலேயே வைத்திருந்தால் உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு சர்க்கரைகூட இல்லை. மாதம் ஒருமுறை, கள்ளக்குறிச்சிப் பக்கம் அகல்விளக்கு ஏற்றிப்போகும் லோடு ஆட்டோவில், வைக்கோல் மேல் இரண்டு சைக்கிளையும் படுக்கவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவோம். சாலையை அவன்தான் தேர்ந்தெடுப்பான். வண்டியே வராத சாலையாகத் தேடுவான். "மனுசனுக்கு அமைதி வேணும்யா" என்பான், ஏதோ இமயமலையிலிருந்து நேராக இறங்கி வந்தவன் போல.

நேற்று அவன் மகள் வேல்விழி எனக்குப் போன் செய்தாள். போன மாதம் பாலக்கரையில் அவனை ஒரு பஸ் உரசிவிட்டுப் போயிருக்கிறது. "அவரு ஓட்டுறது சரியில்லன்னா மறைக்காம சொல்லிடுங்க மாமா. சைக்கிள வித்துட்டு வூட்டோட இருக்கச் சொல்லிடப்போறேன். ஒங்க வார்த்தைதான்." நாற்பது வருஷத்தில் யாரும் எனக்கு இவ்வளவு நல்ல வேலை கொடுத்ததில்லை. ராத்திரி முழுக்கச் சிரித்துக்கொண்டே தூங்கினேன்.

ஒரு சின்ன மதகு வந்தது. கோவிந்தசாமி சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கட்டையில் உட்கார்ந்தான். நான் அவன் முகத்துக்கு நேரே போய் நின்றேன்.

"எத்தினி வருஷமாக் காது கேக்கல?"

அவன் என் வாயைப் பார்த்தான். இத்தனை காலம் அந்தப் பார்வையை வெறுப்பு என்றுதான் நினைத்திருந்தேன். என்னைப் பார்த்தாலே இவனுக்கு எரிகிறது என்று எவ்வளவு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அவன் என் உதட்டைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"நல்லாதான் கேக்குது" என்றான்.

"மூணு கிலோமீட்டரா ஒன்னத் திட்டிக்கினு வரேன். ஒங்கப்பன் வரைக்கும் போயாச்சு. நீ திரும்பல."

"ஒன்னத் திரும்பிப் பாக்கணும்னு எனக்கு என்னா தலையெழுத்து."

பதில் நல்ல பதில். ஆனால் அவன் கை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தது. அப்போதுதான் எனக்குள் அந்தக் கணக்கு விழுந்தது. இவ்வளவு நன்றாக உதடு படிக்க ஒருவனுக்கு எத்தனை வருஷம் பிடிக்கும்?

"என் ஜாடிய தள்ளுனியே" என்றேன். "அப்ப கேட்டுச்சா?"

மலையைப் பார்த்தான். எங்கோ ஒரு ஆடு கத்தியது, எனக்கு மட்டும்.

"அன்னைக்குக் காலைலதான் வலது பக்கம் அடைச்சிக்கிச்சு. குளிக்கும்போது தண்ணி பூந்துடுச்சின்னு நெனச்சேன்" என்றான். "ஒன் ஜாடிய தட்டுறேன், ஒண்ணுகூட இழுக்கல. எல்லாம் சொத்துங்குது. ஒன் சூளைதானே, அவசரத்துல தொறந்திருப்பன்னு தள்ளிட்டேன்."

"எப்பத் தெரிஞ்சிது?"

"மறுநாளு. பக்கிரியோட சூளை ஜாடி வந்துச்சு. அதுவும் சொத்துன்னுது."

"அதத் தள்ளலியே நீ."

"பக்கிரி கதவத் தொறக்க ரெண்டு நாளு ஆக்குவான். அவன் சூளைல கீறல் வராது. அப்பதான் தெரிஞ்சிது, கோளாறு ஜாடில இல்லன்னு."

"அப்பவே சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா? செவுட்டுப் பயல எவன் ஜாடி தட்ட வெச்சிருப்பான்? ஒன் ஜாடிதான் ஒடைச்சாச்சே. அதுக்கப்புறம் வெரலாலதான் பாத்தேன். நல்ல ஜாடி வெரல்ல சித்த நேரம் நடுங்கும். அஞ்சு வருசத்துல இடது காதும் போயிடுச்சு."

நான் அவன் சட்டையைப் பிடித்தேன் என்றும், மதகிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டேன் என்றும் ஊரில் சொல்லத்தான் ஆசை. உண்மையில் அவன் பக்கத்திலேயே கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். அறுநூறும் நல்ல ஜாடி. ஒன்றில்கூடக் கீறல் கிடையாது. பதினொரு மாதம் களிமண்ணை மிதித்தது அவன் காதுக்காக.

"விருத்தாசலம் டீக்கடைல வந்து சொல்லு" என்றேன். "இதே வாயால. எல்லாரும் இருக்கும்போது."

"சொன்னா அன்னைக்கே சைக்கிளப் புடுங்கிடுவா எம்பொண்ணு."

"புடுங்கட்டும்."

"சரி. நீயே சொல்லிக்க, நான் இல்லன்னு சொல்லல" என்று எழுந்து சைக்கிளை நிமிர்த்தினான். "அப்புறம் ஒண்டியா வந்து யாரத் திட்டுவ, இந்தப் புளியமரத்தியா?"

என் பதிலுக்காக அவன் நிற்கவில்லை. முதுகைக் காட்டிவிட்டால் இந்த உலகத்தில் யாராலும் அவனோடு சண்டை போட முடியாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அயோக்கியன்.

போன் அடித்தது. வேல்விழி.

"மாமா, அப்பா எப்படி ஓட்டுறாரு? பயமில்லியே?"

வாயைத் திறந்தேன். "காது கேக்கல" என்று இரண்டே வார்த்தை போதும். அவன் வீட்டோடு கிடப்பான். நான் மறுபடியும் வெறும் தனக்கோடி ஆகிவிடுவேன். அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிக்கு வந்து, இனிப்பாக உட்கார்ந்திருந்தன. அப்போது பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். கிழங்கு ஏற்றப்போகும் காலி லாரி, மதகை நோக்கி வந்துகொண்டிருந்தது. அதுவரை வண்டியே இல்லாமல் இருந்த சாலைக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"இரும்மா" என்று போனைப் பைக்குள் போட்டுவிட்டு மிதித்தேன். பதினெட்டு வயதில்கூட அப்படி மிதித்ததில்லை. லாரி ஹாரன் அடித்தது. கோவிந்தசாமி நடுச்சாலையில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தான். பின்னாலிருந்து தோளைத் தொட்டால் திடுக்கிட்டு ஓடைப்பள்ளத்தில் விழுவான். வேறு வழி தெரியாமல் அவன் வலது பக்கமாக ஏறி, பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டேன். இப்போது சாலை முழுக்க நாங்கள் இரண்டு பேர்.

அவன் கடைக்கண்ணால் பார்த்தான். "என்னா, முந்தப் பாக்குறியா?"

எனக்கு மூச்சு வாங்கியது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒன்னால முடியாது" என்று வேகத்தைக் கூட்டினான். நானும் கூட்டினேன். லாரிக்காரன் வேறு வழியில்லாமல் எங்கள் பின்னால் ஊர்ந்தான். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. என் முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக அதிர்ந்தது. சாலை வளைந்து மலையைப் பார்க்கத் திரும்பியது. வெயில் முதுகுக்கு வந்தது.

"எம்மாம் அமைதியா இருக்குது பாரு" என்றான் கோவிந்தசாமி.

லாரியின் நிழல் எங்களைத் தாண்டி, இரண்டு முன்சக்கரங்களையும் மூடிக்கொண்டு சாலையில் நீண்டது. அவன் குனிந்து அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். திரும்பிப் பார்க்காமல், ஓரமும் கட்டாமல், மலையை நோக்கி மிதித்துக்கொண்டே இருந்தான்.