பள்ளத்துப் புதரில் ஒரு ஜோடி

தாயித்தா மலைக்காட்டில் அபாலிஸைப் பார்க்க வேண்டுமென்றால் வகேஷோவைக் கூப்பிடு என்பதுதான் இத்தனை நாளும் பேச்சு. உள்ளங்கைக்குள் அடங்கும் குருவி அது. புதருக்குள் புகுந்தால் இலை எது, குருவி எது என்றே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் கண் அவளுக்கு மட்டும்தான் என்று ஊரே சொல்லும்.

அவள் வயிற்றில் காலையிலேயே நெருப்பைக் கொட்டினாள் ஓரகத்தி ம்ஷாய். வழிகாட்டிக் குழுவில் சேர்ந்து ஒரு மழைக்காலம்கூட ஆகாதவள்.

"அக்கா, ஓடி வாங்க! பள்ளத்துப் புதர்ல அபாலிஸ் ஜோடி! நீங்க பார்த்து ஆமான்னு சொன்னா போதும்."

குழுவின் சட்டம் அப்படி. ஒருத்தி கண்டதை இன்னொருத்தியும் கண்டு சொன்னால்தான் செல்லும். சொல்லிவிட்டாலோ, அந்த இடம் முதலில் கண்டவளுடையது. குருவி பார்க்க வரும் விருந்தாளிகளை அவள் மட்டும்தான் அங்கே அழைத்துப் போகலாம்.

வகேஷோ பள்ளத்தில் இறங்கித் தொலைநோக்கியைத் தூக்கினாள். சாம்பல் உடம்பு. கரி பூசிய முகம். வாலோரம் வெள்ளை. அதேதான்! அலகில் சிலந்தி நூல் வேறு, கூடு கட்டுகிறது.

போயும் போயும் இவள் கண்ணிலா பட வேண்டும்?

"கதிர்க்குருவிடி அது," என்றாள்.

"முகம் கறுப்பா இருந்துச்சேக்கா?"

"நிழல். காலையில கஞ்சி குடிச்சியா இல்லியா? கண்ணு இருட்டுது உனக்கு."

ம்ஷாயின் முகம் தொங்கிப்போனது. வகேஷோவுக்கு அது வெல்லமாய் இனித்தது.

அன்று நடைபாதையை அகலப்படுத்தும் நாள். மேலேயிருந்து குழுத் தலைவர் ம்வாதிமே குரல் கொடுத்தார். "புதர்ல எதாச்சும் இருக்கா? இல்லேன்னா வெட்டுங்க!"

"வெறும் கதிர்க்குருவிதான்!" என்று பதில் சொல்லிவிட்டு ம்ஷாய் வெட்டுக்கத்தியை ஓங்கினாள்.

வகேஷோ பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "வெட்டாதடி! கூடு கட்டுது!"

"கதிர்க்குருவிக்கா இவ்வளவு பதறுறீங்க?"

ஓங்கிய கையில் வீச்சே இல்லை, வெட்டும் எண்ணமே அவளுக்கு இல்லை என்பது அப்போதுதான் வகேஷோவுக்கு உறைத்தது.

"அபாலிஸ்தான்," என்று முனகினாள்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த ம்வாதிமே தொலைநோக்கியில் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சபாஷ், வகேஷோ! உன் கண்ணுக்குத் தப்புமா?"

ம்ஷாய் ஓரகத்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தலையாட்டினால் போதும். இடம் தனக்கே. வகேஷோ ம்ஷாயைக் கை காட்டினாள்.

"நான் இல்ல. இவதான் மொதல்ல கண்டா."

வெட்டக் கூடாது என்பதற்கு அடையாளமாக ம்ஷாய் சிவப்புத் துணியை எடுத்துப் பக்கத்துக் கிளையில் கட்டத் தொடங்கினாள்.

"இறுக்கிக் கட்டுடி," என்றாள் வகேஷோ.