மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை

கப்பலிலிருந்து தீவுக்குப் போகும் சின்னப் படகில் இறங்கும்போது மகள் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகளை நடக்க வைத்துப் பழகிய கை. "கீழ பாக்காதீங்கப்பா, என்னைப் பாத்து வாங்க" என்றாள். அவர் கீழேயே பார்த்தார். படகுக்கும் கப்பலுக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர் ஏறி ஏறி இறங்கியது.

வாழ்நாளெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தியவர். மனைவி போன பிறகு கடையைத் திறக்க மனம் வராமல் மூடிவிட்டார். "இப்படி வீட்டுக்குள்ளயே கிடந்தா பூஞ்சை பிடிச்சிடும், கிளம்புங்க" என்று மகள்தான் இந்தக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தாள். கிளம்பும்போதே அவர் ஒன்றை மனதுக்குள் முடிவு செய்திருந்தார். இந்தப் பயணத்தில் எங்காவது வைத்து அவளிடம் அந்த விஷயத்தைப் பேசிவிட வேண்டும். தினமும் காலைச் சாப்பாட்டின்போது அது தொண்டை வரைக்கும் வரும். "உனக்கு இன்னொரு காபி சொல்லவா?" என்று கேட்டு விழுங்கிவிடுவார். கப்பல் ஏறியதிலிருந்து அவள் குடித்த காபிக்குக் கணக்கில்லை.

கரையில் வரிசையாகக் குடைகள், சாய்வு நாற்காலிகள். மகள் நீச்சல் உடையில் வந்தபோது அவர் அவசரமாகத் தென்னை மரங்களை ஆராய ஆரம்பித்தார். அவள் சிரித்துவிட்டாள். "இங்க எல்லாரும் இப்படித்தான்பா இருக்காங்க. நீங்கதான் ஷூவெல்லாம் போட்டுக்கிட்டு கல்யாணத்துக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க." அவருக்கும் சிரிப்பு வந்தது. அவள் தன்னைக் கேலி செய்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று நினைத்தார். அவளுக்கு நீந்தத் தெரியும் என்பதே கப்பலில்தான் தெரிந்தது. விவாகரத்துக்குப் பிறகு, தனியாக இருக்க ஆரம்பித்தபோது கற்றுக்கொண்டாளாம். அலையைக் கிழித்துக்கொண்டு அவள் போன வேகத்தைப் பார்த்து, பக்கத்தில் யாரிடமாவது 'என் பொண்ணு' என்று சொல்ல வேண்டும் போல் இருந்தது.

பக்கத்துக் குடையில் ஒரு தம்பதி. அந்த அம்மாவின் கண்ணாடி மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. அவருக்குக் கை துறுதுறுத்தது. சாவிக்கொத்தில் எப்போதும் தொங்கும் குட்டித் திருப்புளியை எடுத்து, சைகையால் கண்ணாடியைக் கேட்டார்.

"அட, நீங்க தமிழா?" என்றார் அந்த அம்மா, அவர் திருகியபடி முணுமுணுத்ததைக் கேட்டு. அவர்களும் அதே கப்பல்தான். வீட்டுக்காரர் பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்க்கதை, உடம்புக்கதை எல்லாம் ஒரு சுற்று வந்த பிறகு அந்த அம்மா கடலைக் காட்டிக் கேட்டார். "உங்க பொண்ணா? மாப்பிள்ளை வரலையா?"

இந்தக் கேள்விக்குப் பயந்து அவர் சொந்த ஊரில் எத்தனையோ தெருக்களைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார். இங்கே அவரைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. உண்மையைச் சொன்னால் எந்தக் குடியும் முழுகிவிடாது. ஆனாலும், ஃபிரேம் வரவில்லை, அடுத்த வாரம் வந்துவிடும் என்று கடையில் சொல்வாரே, அதே சரளத்தோடு வாய் பேசிவிட்டது.

"மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கல. பெரிய கம்பெனி பாருங்க, விடமாட்டேங்கிறாங்க."

காலடி மணலில் ஈர நிழல் ஒன்று விழுந்தது. தண்ணீர் பாட்டிலுக்காக வந்திருந்தாள் மகள். தலைமுடியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அவரைப் பார்க்காமல் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். மூடியை நிதானமாகத் திருகினாள். "வணக்கம் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கடலுக்குள் போனாள். இந்த முறை வெகுதூரம் போய், எல்லைக்காகக் கட்டியிருந்த மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். கரையிலிருந்து தலை மட்டும் தெரிந்தது.

கல்யாணமான புதிதில் இரண்டு முறை பெட்டியோடு வீட்டுக்கு வந்தவள். இரண்டு முறையும் "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா" என்று திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை அவரே கூட்டிக்கொண்டு போனார். சமையலறை வாசலில் நின்று மனைவி, "இந்தத் தடவை வேண்டாங்க" என்றாள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாதென்று வழியில் ஆப்பிள் வாங்கினார். பஸ்ஸில் அந்தப் பையை மகள்தான் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள், வலது கையால் மட்டும். இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிறியா?" என்று கேட்டார்.

நான்காம் முறை அவள் அவர் வீட்டுக்கு வரவில்லை. தோழி வீட்டுக்குப் போனாள். வக்கீல் போன் செய்துதான் அவருக்கு விஷயமே தெரிந்தது.

திரும்பி வரும் படகில் அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கப்பலில் சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைந்ததும் மேனேஜரம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டார். தலைவலி என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று பார்த்தார். "போலாம்பா" என்றாள் மகள்.

"மாப்பிள்ளை தினம் போன் பண்ணுவாரா?" என்று ஆரம்பித்தார் அந்த அம்மா.

"பண்ணாம இருப்பாரா?" மகள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "நான் டூட்டி முடிஞ்சு லேட்டா போனா சாப்பாட்டைச் சூடு பண்ணி வைப்பாரு ஆன்ட்டி. ஏன் லேட்டுன்னு கேக்க மாட்டாரு. கால் வலிக்குதான்னுதான் கேப்பாரு."

"கோவமே வராதா?"

"வரும். வந்தா எழுந்து மாடிக்குப் போய் செடிக்கெல்லாம் தண்ணி ஊத்திட்டு வருவாரு. பாவம், செடிங்கதான் அழுகிப்போகுது."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடிக் கடைக்காரர் தட்டில் சோற்றை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். குத்திக் காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். அப்படித் தெரியவில்லை. வெகுநாளாக எடுத்து வைத்திருந்த ஒரு புடவையைப் பிரித்துக் காட்டுவது போலத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எப்பவாச்சும் சண்டை வந்தா, அப்பாவுக்கு ஒரு போன் போட்டாப் போதும். உடனே வந்து கூட்டிட்டுப் போயிடுவாரு. அது எங்க வீட்டுக்காரருக்கு நல்லாத் தெரியும்."

மேனேஜரம்மா அவர் பக்கம் திரும்பினார். "இப்படி ஒரு அப்பா கிடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "அதெல்லாம் இல்லம்மா" என்றார். "நான் அப்படியெல்லாம் ஒண்ணும் செய்யல."

"தன்னடக்கத்தைப் பாருங்களேன்!" என்றார் அந்த அம்மா, கணவரிடம்.

மேல்தளத்துக்கு வந்தபோது கப்பல் நகர ஆரம்பித்திருந்தது. வெயில் சாய்ந்து தீவு ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாக இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"பாப்பா, அன்னிக்கு பஸ்ல... உன் கை வீங்கியிருந்துச்சு. நான் பாத்தேம்மா."

அவள் கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க பாத்தது எனக்குத் தெரியும்பா."

அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவர் தயார் செய்திருக்கவில்லை. இத்தனை நாளும் முதல் வரியோடேயே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஊழியர் ஒருவர் உப்புப் படிந்த நாற்காலிகளைக் குழாய் வைத்துக் கழுவிக்கொண்டு வந்தார். தண்ணீர் பலகைகளின் மேல் மெல்லப் பரவி அவர்கள் நின்ற இடத்துக்கு வந்தது.

"ஷூ நனையுதுப்பா, தள்ளி நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அவர் நகரவில்லை. தண்ணீர் அவருடைய தோல் ஷூக்களைச் சுற்றிக்கொண்டு, அவளுடைய வெறும் பாதங்களுக்கு அடியில் நுழைந்து, கப்பலின் ஓரத்தில் வழிந்து கடலில் விழுந்துகொண்டிருந்தது.