பிளாஸ்டிக் பாட்டிலில் வந்த நாலு

எண்ணெய்க் கிணறு எண்ணெயை மட்டுமா தரும்? அதைப்போல மூன்று மடங்கு உப்புத் தண்ணீரையும் சேர்த்துக் கக்கும். நாற்றம் குடலைப் பிடுங்கும். அந்தத் தண்ணீரோடு எட்டு மாதமாக மல்லுக்கட்டியவள் சுத்திகரிப்பு ஆலையின் ஆபரேட்டரம்மா. மிதக்கும் எண்ணெயை வழித்தெடுத்து, காற்றுக் குமிழி விட்டு மிச்சத்தை மேலே கிளப்பி, வடிகட்டி, ஒருவழியாக அதைத் தண்ணீர் என்று சொல்லும்படி ஆக்கியிருந்தாள்.

அன்றுதான் முதல் சோதனை. ஒரு லிட்டரில் எண்ணெய் பத்து மில்லிகிராமுக்குள் இருந்தால் கடலில் விடலாம். தாண்டினால் ஆலையை மூடிவிட்டு அவளையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பது அவளுடைய நாத்தனார். மதியம் சீட்டோடு ஓடி வந்தாள்.

"அண்ணி, நாலுதான்."

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். கடலுக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டார். ஆபரேட்டரம்மாவுக்கும் தலைகால் புரியவில்லைதான். ஆனாலும் மனசு உறுத்தியது. நாலா? அவள் தண்ணீரைப் பற்றி அவளுக்குத் தெரியாதா?

"சோதனைத் தண்ணியை எதுல பிடிச்ச?"

"கண்ணாடி பாட்டில் கை தவறி உடைஞ்சுபோச்சு அண்ணி. புது பிளாஸ்டிக் பாட்டில்ல பிடிச்சேன்."

வந்ததே கோபம். "எண்ணெய் பிளாஸ்டிக்ல ஒட்டிக்கும்னு உனக்கு நான் பாடம் எடுக்கணுமா? பாதி அதுலயே நின்னுருக்கும். போய்க் கண்ணாடியில பிடி."

"பாஸானதை எதுக்கும்மா நோண்டுறீங்க?" என்றார் மேனேஜர். "பத்தைத் தாண்டிச்சுன்னா உங்க வேலைதான் போகும்."

"போனா போகட்டும் சார். கடலுக்குப் போறது பாட்டில் இல்ல, தண்ணி."

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, வேலை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கும் இருந்தது. யாரும் திறந்துவிடாதபடி இரண்டு மணி நேரம் வால்வுக்குப் பக்கத்திலேயே நின்றாள். டீ ஆறி ஆடை கட்டியது.

நாத்தனார் இந்தத் தடவை ஓடி வரவில்லை. மெதுவாக நடந்து வந்து சீட்டை நீட்டினாள். ஒன்பது.

மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆபரேட்டரம்மா சீட்டை இரண்டு தரம் படித்தாள். மடித்துப் பத்திரப்படுத்திக்கொண்டாள்.

"நாலுன்னே விட்டிருக்கலாம்ல அண்ணி?"

"அது பாட்டிலோட நாலு. இது என்னோட ஒன்பது," என்று சொல்லிவிட்டு, யாரையும் கிட்டே விடாமல் வால்வைத் தன் கையாலேயே திறந்தாள்.