துணியை எடுக்காதே

பதினெட்டு வருடமாக அவசரப் பிரிவில் நர்ஸ் வேலை. காயத்தில் அழுத்திய துணியை யாராவது தூக்கிப் பார்த்தால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிடும். "உள்ள என்ன படமா ஓடுது, எட்டிப் பாக்க?" என்று டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளையே விரட்டியிருக்கிறேன். "உன் வாய்க்குப் பயந்தே நோயாளிங்க எழுந்து ஓடிடுவாங்க" என்று அண்ணி கிண்டல் செய்வாள். என் வயதுக்காரி. பேச்சில் என்னையும் மிஞ்சியவள்.

அண்ணன் நகைக்கடைக் காவலாளி. சொந்த லைசென்ஸில் ஒரு கைத்துப்பாக்கி வைத்திருந்தான். வேலை முடிந்ததும் வீட்டுக்குத்தான் கொண்டுவருவான். துப்பாக்கியை ஓரிடத்திலும் தோட்டாவை வேறிடத்திலும் வைத்துப் பூட்டு என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஊருக்கே காவல் இருப்பவனுக்கு நான் என்ன சொல்ல?

அந்த ஞாயிறு மதியம் துடைக்க எடுத்தான். தோட்டாக்கள் இருக்கும் மேகசினைக் கழற்றி மேசைமேல் வைத்தான். குழலுக்குள் ஏற்கெனவே ஒன்று ஏறியிருந்ததை அவன் பார்க்கவில்லை. பாகங்களைப் பிரிப்பதற்காக விசையை அழுத்தினான். எதிரே கட்டிலில் அண்ணி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். குண்டு அவள் தொடையில் பாய்ந்தது.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு எனக்குப் போன் செய்தான். நான் வார்டில் இருந்தேன்.

"ரத்தம் நிக்க மாட்டேங்குதுடி!"

"போன ஸ்பீக்கர்ல போட்டுக் கீழ வை. துண்ட வச்சு ரெண்டு கையாலயும் அழுத்து. உன் முழு பலத்தையும் போடு."

அதுவரை நான் நர்ஸ். போனில் அவள் முனகுவது கேட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் என்னைக் கேட்காமலே பேசியது. "நின்னுச்சா பாருண்ணா."

துண்டைத் தூக்கிப் பார்த்தான். "இல்லடி, வருது."

கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். மறுபடி பார்த்தான். மொத்தம் மூன்று முறை. ஆம்புலன்ஸ் வர இருபத்திரண்டு நிமிடம் ஆனது. எங்கள் வார்டு வாசலுக்கு வரும்போது அண்ணிக்கு உயிர் இல்லை.

துணியை எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெரிய டாக்டரிடம் தனியாகக் கேட்டேன். "பெரிய ரத்தக்குழாய் சிஸ்டர். பொழச்சிருக்கலாம், பொழைக்காமலும் போயிருக்கலாம். சொல்ல முடியாது." இதை அண்ணனிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. சொந்தக்காரர்கள் எல்லாம் அவனைத்தான் திட்டினார்கள். அவனும் தன்னையே திட்டிக்கொண்டான். நான் கமுக்கமாக இருந்துவிட்டேன், பாவி.

ஐந்து மாதம் கழித்து எங்கள் மருத்துவமனையில் காவலாளிகளுக்கு முதலுதவி வகுப்பு நடந்தது. ஜாமீனில் இருந்த அண்ணன் தானாகவே வந்து பேசினான். "மேகசினைக் கழட்டிட்டா துப்பாக்கி காலின்னு நெனச்சேன். குழலைத் தெறந்து கண்ணால பாருங்க. விரல விட்டும் பாருங்க. பக்கத்துல ஆள் இருக்கும்போது தொடவே தொடாதீங்க." அதற்குமேல் பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்து என் முறை. பொம்மையின் தொடையில் துணியை வைத்து அழுத்திக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு காவலாளி, "எப்ப எடுத்துப் பாக்கணும் சிஸ்டர்?" என்று கேட்டார்.

அண்ணன் பக்கம் பார்க்காமல் சொன்னேன். "எடுக்கவே கூடாது. நனைஞ்சா அதுமேலயே இன்னொரு துணி வைங்க. எடுத்தா, உறைய ஆரம்பிச்ச ரத்தமும் கலைஞ்சிடும்."

அண்ணன் தலையைத் தூக்கினான். "நீதானே பாக்கச் சொன்ன?"



"ஆமாண்ணா, நான்தான். தப்புன்னு தெரிஞ்சும் இத்தன நாளா மறைச்சிட்டேன்." அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நின்றேன். அவன் எழுந்து வந்து, என் கையை ஒதுக்கிவிட்டு, பொம்மைமேல் தன் இரண்டு கைகளையும் வைத்து அழுத்தினான். ஐந்து நிமிடத்தில் அவன் கைகள் நடுங்கின. "போதும்ணா" என்றேன். கேட்கவில்லை. நெற்றி வேர்வை துணியில் சொட்டியது. சுவர்க் கடிகாரத்தில் இருபத்திரண்டு நிமிடம் ஆன பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்போதும் கையை எடுக்கவில்லை.

"என்னால முடிஞ்சிருக்கும்டி" என்றான்.